வெப்பநிலை மாறவில்லை, விறகு எங்கே போனது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேசுமாறு சங்கத்தின் செயலாளர் என்னைக் கேட்டபோது, "ரீச்சர், விரும்பின தலைப்பில பேசுங்கோ, பௌதிகம் மட்டும் வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவரும் என்னிடம் பௌதிகம் படித்தவர்தான். மன்னிக்க வேண்டும், நான் பௌதிகந்தான் பேசப்போகிறேன். காரணம், இந்தக் கல்லூரியின் மாணவி ஒருத்திக்கு நான் ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கடனை இந்த மேடையில் தீர்த்துவிட விரும்புகிறேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வலிகாமம் முழுவதும் ஓரிரவில் நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்கு நகர்ந்தது. அந்த மாரி மழைக்குள் ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒதுங்கியிருந்தோம். உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் சிலர் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். பின்னேரங்களில் ஒரு மாமரத்தின் கீழே அவர்களைக் கூட்டி வைத்துப் படிப்பித்தேன். கரும்பலகை இல்லை. பழைய கதவு ஒன்றில் கரித்துண்டால் எழுதினேன்.

அன்றைய பாடம் வெப்பம். நீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு எரித்தாலும் அதன் வெப்பநிலை 100 பாகை செல்சியஸுக்கு மேலே ஏறாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தடி தள்ளி மூன்று கல்லடுப்பில் ஒரு பெரிய பானையில் எல்லோருக்குமாகச் சோறு வெந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளை பானையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரீச்சர், வெப்பநிலை ஏறாதெண்டு சொன்னனீங்கள். அப்ப காலமை நானும் அம்மாவும் பொறுக்கிக்கொண்டு வந்த விறகு எல்லாம் எங்க போகுது?"

நான் சொன்ன விடை: "அதுதான் மறைவெப்பம், பிள்ளை. எழுதிக்கொள்ளும்."

அவள் எழுதிக்கொண்டாள். ஆனால் முகம் தெளியவில்லை. அவள் கேட்டது கேள்வி. நான் கொடுத்தது ஒரு பெயர். பெயர் விடையாகாது. அந்த ஈர விறகுக்காக எத்தனை மைல் நடந்திருப்பார்களோ, அந்தப் பிள்ளைக்கு அது எங்கே போனது என்று அறியும் உரிமை இருந்தது. இன்று அந்த விடையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. வீட்டில் நாங்கள் இரண்டையும் "சூடு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பாடப்புத்தகமும் ஒரு வகையில் குழப்பத்துக்கு உதவியது. வெப்பநிலை மாறாமல் நடக்கும் மாற்றத்தைச் "சமவெப்ப மாற்றம்" என்று நாங்கள் படித்தோம். அந்தச் சொல்லைக் கேட்கும் பிள்ளை என்ன நினைப்பாள்? வெப்பம் சமமாக இருக்கிறது, ஆகவே வெப்பம் வரவுமில்லை, போகவுமில்லை என்று நினைப்பாள். நானும் மாணவியாக இருந்தபோது அப்படித்தான் நினைத்தேன். "சமவெப்ப மாற்றத்தில் வெப்பப் பரிமாற்றம் பூச்சியம்" என்ற கூற்றுக்குச் "சரி" என்று அடையாளமிட்டுப் புள்ளியை இழந்தேன். பின்னர் ஆசிரியையாகி விடைத்தாள்களைத் திருத்தியபோது, வருடா வருடம் அதே பிழையைக் கண்டேன். "சமவெப்பநிலை மாற்றம்" என்று "நிலை" என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதிக்கு ஒரு கிணற்றடிக்குப் போகவேண்டும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. எங்கள் வாழ்வு சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே தேங்கியிருக்கும் நிலத்தடி நீரில் தங்கியிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றை எல்லோருக்கும் தெரியும். இறைக்க இறைக்க மட்டம் குறையாது என்று பெயர்பெற்ற கிணறு. மட்டம் குறையவில்லை என்பதால் நாங்கள் தண்ணீர் அள்ளவில்லை என்று யாராவது சொல்வார்களா? சொல்லமாட்டார்கள். அள்ளிய அளவு ஊற்றிலிருந்து வந்து நிரம்பியது என்றே சொல்வார்கள். மட்டம் அசையாமல் நின்றதே நீர் வந்துகொண்டிருந்ததற்குச் சாட்சி.

வெப்பநிலையை நீர்மட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். வெப்பத்தை உள்ளே ஊறும் நீராக எண்ணுங்கள். அள்ளி எடுப்பதை வேலையாக எண்ணுங்கள். சமவெப்பநிலை மாற்றத்தின் உட்பொருள் முழுவதும் இதில் அடங்கிவிடும்.

இனி ஒரு வாயுவை எடுப்போம். முசலம் பொருத்திய ஒரு உருளைக்குள் வாயு இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை எவ்வளவு விரைவாக ஓடுகின்றன என்பதற்கு அளவுதான் வெப்பநிலை. வாயு விரிந்து முசலத்தை வெளியே தள்ளுகிறது. விலகிச் செல்லும் முசலத்தில் மோதும் மூலக்கூறு, மோதிய வேகத்தோடு திரும்பி வராது. சற்றுக் குறைந்த வேகத்தோடு வரும். பின்வாங்கும் மட்டையில் பட்ட பந்தைப் போல. ஆகவே வாயு வேலை செய்யும்போது தன் சக்தியைச் செலவழிக்கிறது. அப்படியே விட்டால் அது குளிர வேண்டும்.

ஆனால் உருளையின் சுவர் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதாகவும், சுற்றிலும் 27 பாகையில் ஒரு பெரிய நீர்த்தொட்டி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வாயு மயிரிழை குளிர்ந்தவுடன் தொட்டியிலிருந்து வெப்பம் உள்ளே வரும். இழந்த வேகத்தை மூலக்கூறுகள் சுவரில் மோதித் திரும்பப் பெறும். வெப்பநிலை 27 பாகையில் நிற்கும். இலட்சிய வாயு ஒன்றின் அகச்சக்தி வெப்பநிலையில் மாத்திரமே தங்கியிருப்பதால், அகச்சக்தியும் மாறாது. அப்படியானால் உள்ளே வந்த வெப்பம் எங்கே? ஒரு துளியும் தங்காமல் வேலையாக வெளியே போய்விட்டது. ஒரு மூல் வாயு 27 பாகையில் மெதுவாகத் தன் கனவளவை இரட்டிப்பாக்கினால், ஏறக்குறைய 1,730 யூல் வெப்பம் உள்ளே வரும். அதே 1,730 யூல் வேலை வெளியே போகும். வெப்பமானியைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.

வெப்பம் உள்ளே வர வழியில்லாதபடி அதே உருளையை அடைத்துவிட்டால்? அதைச் சேறலிலா மாற்றம் என்று படித்தோம். அப்போது வாயு தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வேலை செய்ய வேண்டும். அது சாதாரண வளியானால், கனவளவு இரட்டிக்கும்போது வெப்பநிலை 27 பாகையிலிருந்து பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 46 பாகைக்கு இறங்கிவிடும். ஆக, வெப்பப் பரிமாற்றம் பூச்சியமானால் வெப்பநிலை மாறியே தீரும்; வெப்பநிலை மாறாதிருக்க வேண்டுமானால் வெப்பம் வந்தே தீர வேண்டும். நான் மாணவியாக விட்ட பிழை, இந்த இரண்டையும் ஒன்றாக்கியதுதான்.

மறுபடியும் கிணற்றடிக்கு வருவோம். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணற்றின் மட்டம் பெரிதாக இறங்காது. ஊற்றுக்கு வந்து நிரப்ப நேரம் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் என்ன நடந்தது? வேகமாக இறைத்தால் மட்டம் சட்டென்று இறங்குகிறது. கடலுக்குக் கிட்டிய இடங்களில் உவர்நீர் மேலேறி வருகிறது. கிணறு அதே கிணறு. மாறியது வேகம். வாயுவிலும் அப்படியே. மெதுவாக விரிந்தால் சமவெப்பநிலை. சட்டென்று விரிந்தால், சுவர் எவ்வளவு நன்றாக வெப்பத்தைக் கடத்தினாலும், வெப்பம் வருவதற்கு முன்னே காரியம் முடிந்துவிடும்.

இதைச் சோதிக்க ஆய்கூடம் வேண்டாம். சைக்கிள் பம்பு போதும். பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை மிக மெதுவாக அமுக்குங்கள். அடிப்பக்கம் சுடாது. உருவாகும் வெப்பம் அவ்வப்போதே உங்கள் கைக்கும் சுற்றியுள்ள வளிக்கும் போய்விடும். இனி ஒரு ரயருக்கு வேகமாகக் காற்றடியுங்கள். குழாயின் அடி சுடும். உராய்விலும் சிறிது வெப்பம் வரும். பெரும்பங்கு அமுக்கப்பட்ட வளியினுடையது.

எங்கள் ஆய்கூடத்தில் போயிலின் விதிப் பரிசோதனை செய்தது ஞாபகமிருக்கிறதா? ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் இரசத்தால் வளியை அடைத்து, அமுக்கத்தை மாற்றி மாற்றி நீளத்தை அளப்போம். அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கினால் ஒரே எண் வரவேண்டும். 1662இல் போயில் வெளியிட்ட விதி அது. ஒவ்வொரு முறையும் மாற்றிய பின் "சிறிது நேரம் பொறுத்து வாசிப்பை எடுக்கவும்" என்று செய்முறைத் தாளில் இருக்கும். அந்தச் சிறிது நேரத்தில் நாங்கள் கதைத்துப் பேச்சு வாங்கியிருக்கிறோம். ஏன் பொறுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஊற்று நிரம்பத்தான் பொறுத்தோம். அடைபட்ட வளி மீண்டும் அறை வெப்பநிலைக்கு வரத்தான் அந்த நேரம். விதியில் "மாறா வெப்பநிலையில்" என்று எழுதியிருப்பதைக் காப்பாற்றியது அந்தப் பொறுமை.

பொறுமையைக் கணக்கில் எடுக்காமல் விட்டவர்களில் நியூற்றனும் ஒருவர் என்றால் நம்புவீர்களா? 1687இல் வெளியான தன் பெரு நூலில் அவர் வளியில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். ஒலி செல்லும்போது வளி அமுங்கி விரிகிறது. அப்போது வெப்பநிலை மாறாது என்று கொள்வதற்குச் சமமாக அவர் கணக்கு அமைந்தது. அந்த வழியில் 0 பாகையிலுள்ள வளிக்கு விடை செக்கனுக்கு 280 மீற்றர் வரும். உண்மையில் ஒலி 331 மீற்றர் போகிறது. நூற்றுக்கு 15 அளவில் குறைவு. ஒலியின் அமுக்கங்கள் மிக விரைவாக நடப்பதால் வெப்பம் வெளியேற நேரம் இல்லை என்று 1816இல் லப்பிளாஸ் காரணம் காட்டினார். நூறு ஆண்டுக்கும் மேலாகத் தீராதிருந்த பிழை அது. எனவே பரீட்சையில் இந்த இரண்டு மாற்றங்களையும் மாறாட்டம் செய்த பிள்ளைகள் வெட்கப்பட வேண்டியதில்லை. திருத்திக்கொண்டால் போதும்.

இப்போது பானைக்கு வருகிறேன். விறகு எங்கே போனது?

கொதிக்கும் நீரும் மாறா வெப்பநிலையில் நடக்கும் மாற்றம்தான். ஆனால் நான் சொன்ன வாயுவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நீரில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. 100 பாகையை அடைந்தபின் அடுப்பு கொடுக்கும் வெப்பம் அவற்றின் வேகத்தைக் கூட்டுவதில்லை. அந்தப் பிடியை அவிழ்க்கப் போகிறது. வேகம் கூடாததால் வெப்பநிலை ஏறாது. ஆனால் பிடி அவிழ்ந்த நீராவியின் அகச்சக்தி நீரினதைவிடப் பெரிது. வெப்பநிலை மாறவில்லை, ஆகவே அகச்சக்தியும் மாறவில்லை என்று வாயுவுக்குச் சொன்னதை இங்கே சொல்லக்கூடாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 294 கிலோயூல் வெப்பம் வேண்டும். அதே நீர் முழுவதையும் 100 பாகையிலேயே ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோயூல் வேண்டும். ஏழரை மடங்குக்கும் மேல்! அந்த 2,260இல் ஏறத்தாழ 170 கிலோயூல் வெளிவளியைத் தள்ளிக்கொண்டு விரியும் வேலைக்குப் போகிறது. ஒரு லீற்றர் நீர் 1,600 லீற்றருக்கும் மேலான ஆவியாக விரிய வேண்டும் அல்லவா? மிகுதி எல்லாம் பிடியை அவிழ்க்கும் செலவு.

ஆகவே பிள்ளை, உன் விறகில் அடுப்பைச் சுற்றிக் காற்றோடு போனது ஒரு பங்கு. அது எந்த மூன்று கல்லடுப்பிலும் பெரும் பங்கு. பானைக்குள் போனதோ, கொதி வந்த பின் நீராவியாக எழுந்து மழைக்குள் கலந்துவிட்டது. சோற்றுக்குள் போகவில்லை.

இதிலிருந்து ஒரு வீட்டுப் பாடமும் வருகிறது. அரிசி வேகுவது வெப்பநிலையால். பொங்கிப் பாய்ந்து கொதிக்கும் நீரும் 100 பாகை. மெல்லக் கொப்புளித்துக் கொதிக்கும் நீரும் 100 பாகை. பெரிய நெருப்பு ஆவியைத்தான் கூட்டும். சோற்றை முந்தி அவிக்காது. "கொதி வந்திட்டுது, விறகை வெளியில இழுத்துவிட்டு மூடு" என்று எங்கள் ஆச்சிமார் சொன்னது இதைத்தான். பொருளாதாரத் தடைக்காலத்தில், மண்ணெண்ணெய் துளித்துளியாக அளந்து ஜாம் போத்தல் விளக்கில் படித்த அந்த நாட்களில், இந்த ஒரு வசனம் எத்தனை கட்டு விறகை மிச்சம் பிடித்திருக்கும்! நான் அன்று மறைவெப்பம் என்று எழுதச் சொல்லாமல், அந்தப் பிள்ளையோடு எழுந்துபோய் இரண்டு கொள்ளிகளை வெளியே இழுத்திருந்தால், அதுதான் பாடமாக இருந்திருக்கும்.

கொதிநிலையை மாற்ற வேண்டுமானால் நெருப்பைக் கூட்டிப் பயனில்லை. அமுக்கத்தை மாற்ற வேண்டும். பிரஷர் குக்கருக்குள் அமுக்கம் வெளியைப்போல் இரண்டு மடங்கானால் நீர் 120 பாகை அளவில் கொதிக்கும். வளியமுக்கம் குறைந்த நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். அங்கே ஆசிரியையாகப் போன என் தோழி ஒருத்தி, பருப்பு அவிய மாட்டேன் என்கிறது என்று கடிதம் எழுதியதன் காரணம் அதுதான்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் உருகும் பனி 0 பாகையிலேயே நாட்கணக்காக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோகிராம் பனி உருக 334 கிலோயூல் வேண்டும். வெயில் எறிக்கிறது, வெப்பம் போகிறது, வெப்பமானி அசையவில்லை. உங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும், குழாயில் ஓடும் திரவம் ஏறத்தாழ மாறாத வெப்பநிலையில் ஆவியாகித்தான் உணவின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 1824இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோ, மிக உயர்ந்த வினைத்திறனுள்ள வெப்ப எந்திரம் எப்படி இருக்கும் என்று மனத்தால் ஒன்றை அமைத்தபோது, அது வெப்பத்தை வாங்குவதும் விடுவதும் மாறா வெப்பநிலையிலேயே நடக்க வேண்டும் என்று கண்டார். அசையாமல் நிற்பது போலத் தோன்றும் அந்தப் படியில்தான் எந்திரத்தின் வரவு முழுவதும் இருக்கிறது.

என் உரையை முடிக்கப் போகிறேன். அந்த மாமரத்தடிக் காலத்தை நினைக்கும்போது எனக்கு அடுப்படியில் நின்ற அம்மாமாரின் முகங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. பிள்ளைகளுக்கு முன்னே அவர்கள் முகம் மாறியதை நான் காணவில்லை. "அவைக்கென்ன, ஒண்டும் தெரியாத மாதிரி இருக்கினம்" என்று அன்று நானும் நினைத்தேன். பௌதிகம் படிப்பித்த எனக்கே பிந்தித்தான் விளங்கியது. மட்டம் மாறவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல. வந்த அத்தனையும் எங்களுக்காக அப்போதைக்கப்போது செலவாகிக்கொண்டிருந்தது. இந்தச் சங்கமும் நூறு வருடமாக மாறாமல் நிற்கிறது என்று இன்று பலர் வாழ்த்தினார்கள். மாறாமல் நிற்க எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்பது, கணக்குப் புத்தகம் வைத்திருந்த பொருளாளர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி கேட்ட பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்த உரையும் மலரில் வரும் என்றும், மலர் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சிட்னிக்கும் போகும் என்றும் செயலாளர் சொன்னார். எங்கேயாவது ஒரு வீட்டில் இதை அவள் கையில் எடுத்தால், "மறைவெப்பம்" என்று எழுதிய அந்தக் கொப்பியின் வரியை வெட்டிவிடச் சொல்லமாட்டேன். அதன் கீழே இதையும் எழுதிக்கொள்ளட்டும்: வெப்பநிலை மாறவில்லை என்றால், வந்தது எங்கே போனது என்று கேள்.

ஆசிரியைகளாக இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மாணவி இப்படி ஒன்றைக் கேட்டால், பெயரைச் சொல்லி எழுதச் சொல்லி முடித்துவிடாதீர்கள். சிறிது நேரம் பொறுத்து வாசிப்பை எடுங்கள்.